அம்பாரம் சரிவதற்கும் ஒரு கணக்கு உண்டு

தீபாவளிக்கு வந்த பேத்தி நான்கு நாளும் மடிக்கணினியை விட்டு எழுந்திருக்கவில்லை. முறுக்குத் தட்டைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைக்கும்போது எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு புனல். அதற்குள் நீலமும் சிவப்புமாக ஆயிரக்கணக்கான உருண்டைகள். மெதுவாக இறங்கி, வாய் வழியாகக் கொட்டி, கீழே குவியலாக எழும்பிக்கொண்டிருந்தன.

"என்னம்மா இது, கோலிகுண்டு விளையாட்டா?"

"ப்ராஜெக்ட் தாத்தா. ஹாப்பர்ல தானியம் எப்படி இறங்குதுன்னு கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்கறேன். இந்தப் பத்து செகண்டுக்கு ராத்திரி பூரா ஓடியிருக்கு."

"ஒரு மூட்டை நெல்லை மில்லுக்குக் கொண்டுபோனா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடுமே!" என்றேன். அவள் சிரித்துவிட்டு முறுக்கைக் கடித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பெருமுக்கல் பற்றி முன்பு இங்கே எழுதியபோது மலைமேல் இருக்கும் முக்தியாசலேஸ்வரர் கோயில், சீதை குகை, அதன் பாறையில் யாரோ எந்தக் காலத்திலோ கீறிவைத்த கோடுகள், 1760ல் ஆங்கிலேயத் தளபதி கூட் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கோட்டையைப் பிடித்த கதை என்று போய்விட்டேன். இன்று ஊருக்குக் கீழே வருவோம். நம் பக்கத்தில் பிறந்தவன் கண்ணைத் திறந்ததிலிருந்து மூன்று குவியல்களைப் பார்க்கிறான். கிழக்கே போனால் மரக்காணத்து உப்பு. மலையைச் சுற்றினால் குவாரி ஜல்லியும் கல்பொடியும். மற்ற எந்தத் திசையில் போனாலும் நெல். தண்ணீர் போல ஓடும், ஆனால் தண்ணீர் இல்லை. கல் போல நிற்கும், ஆனால் கல்லும் இல்லை. நினைத்தால் நிற்கும், நினைத்தால் சரியும்.

நான் 34 வருடம் அறிவியல் வாத்தியார். உராய்வுப் பாடத்துக்கு ஒரு சாய்பலகை, அதன்மேல் ஒரு மரக்கட்டை. பலகையைத் தூக்கிக்கொண்டே போனால் ஒரு கோணத்தில் கட்டை வழுக்கும். கோணத்தை அளந்து கணக்குப் போடு. அவ்வளவுதான். பள்ளிக்கூடத்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரியும் களத்துமேட்டில் நெல் அம்பாரம் அதே பாடத்தை நடத்திக்கொண்டிருந்தது. ஒரு நாளும் பையன்களை அங்கே கூட்டிப்போனதில்லை.

பழைய வீடுகளில் குதிர் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அடியில் ஒரு சின்ன வாய், அதற்கு ஒரு துணி அடைப்பு. அம்மா அடைப்பை எடுத்து மரக்காலைப் பிடிப்பாள். குதிர் நிறைய இருந்தாலும் சரி, கால்வாசி இருந்தாலும் சரி, நெல் ஒரே வேகத்தில்தான் கொட்டும். தண்ணீர்த் தொட்டி அப்படியில்லை. நிறைந்திருக்கும்போது குழாயில் சீறும், குறையக் குறைய நூலாகும். கூண்டுக்குள் தானியத்தின் பாரம் எப்படி இறங்குகிறது என்பதை ஜான்சன் என்ற ஜெர்மன் பொறியாளர் 1895ல் கணக்காக எழுதினார். கூண்டில் நெல் ஏற ஏற, அதன் எடையில் ஒரு பங்கைச் சுவர் உராய்வால் தாங்கிக்கொள்கிறது. ஓர் உயரத்துக்கு மேல் எவ்வளவு கொட்டினாலும் அடித்தட்டுக்குப் பாரம் ஏறுவதில்லை, சுவருக்குத்தான் ஏறுகிறது. உயரமான தானியக் கூண்டுகள் அடி விடாமல் பக்கவாட்டில் மடங்கி விழுவதற்கு இது ஒரு காரணம். 1961ல் பெவர்லூ என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் வாய்க்கும் வேகத்துக்கும் ஒரு சூத்திரம் சொன்னார்கள். வட்டமான வாயின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் கொட்டுவது இரண்டு மடங்காவதில்லை, நான்கும் ஆவதில்லை, ஏறக்குறைய ஐந்தரை மடங்கு ஆகிறது. வாய் மிகவும் சின்னதாகி, மணியின் அளவைப்போல நாலைந்து மடங்கு மட்டும் இருந்தால் அடைத்துக்கொள்ளும். மணிகள் ஒன்றுக்கொன்று தோள்கொடுத்து வளைவு கட்டிவிடும், கோயில் வாசல் வளைவு போல.

இதெல்லாம் சூத்திரம். பேத்தி செய்வது வேறு. அவள் சொன்னதை எனக்குப் புரிந்த தமிழில் சொல்கிறேன்.

1979ல் பீட்டர் கண்டால், ஓட்டோ ஸ்ட்ராக் என்று இரண்டு பேர் ஒரு வழியை வெளியிட்டார்கள். ஒவ்வொரு மணியையும் தனித்தனியாகக் கணினிக்குள் வை. இரண்டு மணி தொட்டால், அவற்றுக்கு நடுவில் ஒரு சுருள்வில் இருப்பதாக நினைத்துக்கொள். அழுத்தினால் வில் திருப்பித் தள்ளும், பக்கவாட்டில் உரசினால் உராய்வு பிடிக்கும். ஒவ்வொரு மணிமேலும் என்னென்ன விசை விழுகிறது என்று கூட்டு. நியூட்டனின் இரண்டாம் விதியைப் போட்டு, அடுத்த நொடியின் லட்சத்தில் ஒரு பங்கில் அது எங்கே இருக்கும் என்று பார். திரும்ப முதலிலிருந்து ஆரம்பி. பத்தாம் வகுப்புக் கணக்குதான். எத்தனை முறை என்பதுதான் சங்கதி.

எத்தனை முறை? காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஆயிரம் அரிசி சுமார் 20 கிராம் என்று வைத்துக்கொண்டால் 25 கிலோ சிப்பத்தில் 12.5 லட்சம் அரிசி. உப்புக்கு வாருங்கள். ஒரு படிகம் மூன்று மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரம் என்று வைத்தால், பத்து டன் அம்பாரத்தில் ஏறத்தாழ 17 கோடி படிகம்! ஒவ்வொன்றும் அக்கம்பக்கத்து ஏழெட்டுப் பேரோடு உரசுகிறது. ராத்திரி பூரா ஓடியதில் என்ன ஆச்சரியம்? அதனால் பெரிய குவியலுக்குப் பல மணிகளுக்குப் பதிலாக ஒரு பெரிய உருண்டையை வைத்து ஒப்பேற்றுகிறார்களாம். அல்லது மணியை மறந்துவிட்டு, மொத்தத்தையும் ஒரு விசித்திரமான திரவமாக நினைத்துச் சமன்பாடு எழுதுகிறார்கள். அந்த இரண்டாவது வழியில் நம் நாட்டு வேலை சின்னதல்ல. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கேசவ ராவும் பிரபு நாட்டும் சேர்ந்து எழுதிய துகள் ஓட்டப் பாடநூலை 2008ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வெளியிட்டது. மும்பை ஐஐடியின் இயக்குநராக இருந்த தேவாங் கக்கர், சுழலும் உருளைக்குள் துகள்கள் எப்படிக் கலக்கின்றன, எப்படிப் பிரிகின்றன என்பதில் வருடக்கணக்கில் உழைத்தவர். (2022ல் போல்ட்ஸ்மான் பதக்கம் பெற்ற முதல் இந்தியரான தீபக் தாரின் மணல் குவியல் கணக்கும் புகழ்பெற்றது. ஆனால் அதில் பெயர்தான் மணல். அது கணித மணல், வீடு கட்ட உதவாது.)

எனக்கு மிகவும் பிடித்தது நார்வேக்காரர்கள் செய்த சோதனை. 1996ல் ஓஸ்லோவில் அரிசியைக் குவியலாகக் கொட்டிக் கொட்டி, அது எப்படிச் சரிகிறது என்று அளந்தார்கள். நீள அரிசியில் சின்னச் சரிவு, நடுத்தரச் சரிவு, பெருஞ்சரிவு எல்லாம் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் கலந்து வந்தன. உருண்டை அரிசியில் அந்த விகிதம் வரவில்லை. சரிவின் குணமே மாறிவிட்டது. பொன்னிக்கும் குண்டு அரிசிக்கும் வித்தியாசம் சாப்பாட்டில் மட்டும் என்று நினைத்திருந்தேன்.

இப்போது தூக்கம் வராத காரணத்துக்கு வருகிறேன்.

இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவன் ஒருவன், படிப்பை விட்டுவிட்டு ஒரு ரைஸ் மில்லில் வேலைக்குப் போனான். பெயர் வேண்டாம், மில்லும் வேண்டாம். மழைக்கால அறுவடை. நெல் ஈரம். ஹாப்பர் அடைத்துக்கொண்டது. கீழே வாய் திறந்திருக்கிறது, நெல் வரவில்லை. மேலே இருந்து பார்த்தால் தரை போல நெல் நிற்கிறது. ஒரு கழியோடு அவனை உள்ளே இறக்கினார்கள், எல்லா மில்லிலும் அப்போது செய்த வேலைதான். அவன் நின்றது நெல்மேல் இல்லை, நெல் கட்டிய வளைவுமேல். அடியில் காலி. இரண்டு குத்துக் குத்தினான். வளைவு உடைந்தது. இடுப்பு வரை போனபோது கயிறு போட்டு இழுத்தார்கள். இடுப்பளவு தானியத்தில் மாட்டிய ஆளை இரண்டு பேரால் இழுத்து எடுக்க முடியாது. சுற்றியுள்ள ஒவ்வொரு மணியும் உராய்ந்து பிடித்துக்கொள்கிறது. இழுக்க இழுக்க மேலிருந்த நெல்லும் வந்து மூடியது. பக்கத் தகட்டை வெட்டி நெல்லை வெளியே விட்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் அது ஒருவருக்கும் தோன்றவில்லை. வெட்டியபோது நேரம் கடந்துவிட்டது.

அவனுக்கு உராய்வு நடத்தியவன் நான். பலகையும் மரக்கட்டையும் வைத்து. அதில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கினான்.

ஆகவே, மில்லுக்கு ஒரு மூட்டை கொண்டுபோனால் தெரிந்துவிடுமே என்று நான் சொன்னது எவ்வளவு அசட்டுத்தனம் என்று அன்று இரவுதான் உறைத்தது. தெரியத்தான் தெரிந்தது, ஓர் ஆளைக் கொடுத்துத் தெரிந்துகொண்டோம். கணினியில் அந்த வளைவை ஆயிரம் தடவை கட்டி ஆயிரம் தடவை உடைக்கலாம். சுவரை இன்னும் பத்துப் பாகை செங்குத்தாக்கிப் பார்க்கலாம், வாயை ஒரு சாண் அகலமாக்கிப் பார்க்கலாம். யார் வீட்டிலும் அழுகுரல் கேட்காது.

டீக்கடை நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "நெல்லு அள்ளவே ஆள் இல்ல, இதுல கம்ப்யூட்டர்ல வேற அள்றாங்களா?" என்றார். நல்ல நகைச்சுவைதான். ஆனால் அள்ள ஆள் இல்லாததால்தான் எல்லாம் ஹாப்பரும் எலிவேட்டரும் இரும்புக் கூண்டும் ஆகிக்கொண்டிருக்கிறது. கையால் அள்ளிய காலத்தில் அடைப்பு என்றால் கூடையைச் சாய்ப்போம். இன்று அடைப்பு என்றால் முப்பது அடி உயரக் கூண்டு. இது வேண்டாத படிப்பு என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

அதற்காகத் திரையில் வரும் கலர் உருண்டைகளைக் கும்பிடச் சொல்கிறவனும் இல்லை. பேத்தியிடம் கேட்டேன். "உன் நெல்லு எவ்வளவு ஈரம்?"

"காஞ்ச தானியம்னு வச்சிருக்கேன் தாத்தா."

"உருண்டையா இருக்கே?"

"கணக்கு வேகமா ஓடணும்னு. உருள்றதுக்கு ஒரு தனி உராய்வு குடுத்து சரிக்கட்டுவோம்."

"அந்த உராய்வு எவ்வளவுன்னு யாரு சொன்னது?"

இந்தக் கேள்விக்கு அவள் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது. நிஜத் தானியத்தைக் கொட்டி, குவியலின் சரிவுக் கோணத்தை அளக்கிறார்கள். திரையில் கொட்டும் குவியலும் அதே கோணத்துக்கு வரும்வரை எண்களை மாற்றிக்கொண்டே போகிறார்கள். அதாவது கடைசியில் கணினியும் அம்பாரத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது! ஆனால் அதில் ஒரு கண்ணி உண்டு என்று அவளே ஒப்புக்கொண்டாள். வெவ்வேறு எண்களுக்கு ஒரே கோணம் வரலாம். குவியல் ஒத்துப்போய்விட்டது என்பதால் ஹாப்பரும் ஒத்துப்போகும் என்று எழுதிக்கொடுக்க முடியாது. இன்னும் இரண்டு மூன்று விதமாக அளந்தால்தான் நம்பலாம்.

என் கருத்து இங்கேதான் நிற்கிறது. அரசுக் கொள்முதலுக்கு நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதம் என்பது விதி. மழை பெய்துவிட்டால் தளர்வு கேட்டு விவசாயி நிற்பதும், டெல்லியிலிருந்து குழு வந்து நெல்லைக் கையில் எடுத்துப் பார்ப்பதும் நாம் பேப்பரில் படிக்கிற செய்தி. காய்ந்த நெல்லுக்குக் கணக்குப் போட்டு வாங்கிய கூண்டு, நனைந்த நெல் வந்த அன்றுதான் அடைக்கும். அடைத்த அன்றுதான் ஓர் ஆள் உள்ளே இறங்குவான். ஆகவே கூண்டோ ஹாப்பரோ விற்கிறவர், எங்கள் ஊர் ஐப்பசி நெல்லைப் போட்டு ஓட்டிப் பார்த்தீர்களா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். உள்ளே இறங்கும் ஏணியைப் பொருத்துவதற்கு முன், வெளியிலிருந்தே குத்திவிட ஒரு துளையைப் பொருத்த வேண்டும். ஒரு பையனின் உயிரோடு ஒப்பிட்டால் ஒரு துளையும் ஒரு கம்பி வலையும் என்ன விலை?

கேட்க வேண்டிய இன்னொருவர் உப்பளத்துக்காரர். போன மாதம் மரக்காணம் போயிருந்தபோது, நாற்பது வருடம் உப்பு வாரிய ஓர் அம்மாளிடம் பேத்தியின் படிப்பைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பகல் உப்பு வேற, ராத்திரி உப்பு வேற வாத்தியாரே. வெயில்ல கொட்டினா பரவும். பனியில நனைஞ்சு காஞ்சதுன்னா செவுரு மாதிரி நிக்கும். நிக்குதேன்னு அடியில வெட்டி எடுத்தீங்களோ, மொத்தமா மேல வந்து உக்காந்துடும்" என்றார்.

இதற்குப் பின்னால் முழு வேதியியல் இருக்கிறது. காற்றில் ஈரம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான உப்பே நீரை இழுத்துக்கொள்ள ஆரம்பிக்கும். கடல் உப்பில் கொஞ்சம் மெக்னீசியம் குளோரைடு கலந்திருப்பதால் அதற்கு முன்பே கசியும். ராத்திரி படிகங்களின் மேல்தோல் கரைகிறது, பகலில் காய்கிறது. காயும்போது ஒன்றோடொன்று ஒட்டிப் பாலம் கட்டுகிறது. சுருள்வில்லும் உராய்வும் மட்டும் வைத்த கணக்கில் இந்தப் பாலம் வராது. அதற்குத் தனியாக ஒட்டும் விசை ஒன்றைச் சேர்க்க வேண்டும். எவ்வளவு சேர்ப்பது? அதைச் சொல்ல அந்த அம்மாளுக்கு எண் தெரியாது. ஆனால் எந்த மணிக்கு உப்பை எடுத்து அளக்க வேண்டும் என்பதை அவரைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது.

நம் சுற்றுவட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. கடைசி வருடத்து ப்ராஜெக்டைச் சென்னையில் காசு கொடுத்து வாங்கி வருகிற பிள்ளைகளும் உண்டு, மறைப்பானேன். யாடே, மெர்குரி டிபிஎம் என்று இந்தக் கணக்குக்கான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன என்கிறாள் பேத்தி. உப்பும் நெல்லும் கல்பொடியும் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில். ஒரு தட்டு, ஒரு பாகைமானி, ஒரு தராசு போதும். எங்கோ வெளிநாட்டுக் கண்ணாடி மணிகளை அளந்து வைத்த எண்களையா நம் உப்புக்குப் போடுவது?

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. 2024 ஃபெஞ்சல் புயலை நம் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டோம். மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் பெய்தது. மறுநாள், டிசம்பர் 1 அன்று, திருவண்ணாமலையில் மலைச்சரிவு உடைந்து மண்ணும் பாறையும் வீட்டின்மேல் இறங்கி ஏழு பேர் போனார்கள், அதில் ஐந்து குழந்தைகள். பிறகு ஐஐடி பேராசிரியர்கள் வந்து பார்த்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் வயநாடு. நனைந்த மண்ணும் பாறையும் எந்த வழியாக இறங்கும், எவ்வளவு தூரம் போய் நிற்கும் என்று ஓட்டிப் பார்க்கும் மென்பொருளைச் சுவிட்சர்லாந்துக்காரர்கள் தங்கள் பள்ளத்தாக்குகளுக்காகச் செய்து வைத்திருக்கிறார்கள். அதை விபத்துக்குப் பிறகு அறிக்கைக்காக ஓட்டுவதைவிட, மலையடி வீடுகளின் கதவு எண்ணோடு மழைக்கு முன்னால் ஓட்டினால் என்ன? வந்த முடிவைத் தமிழில் ஒரு பலகையில் எழுதி அந்தத் தெருவில் வைத்தால் என்ன? மலையைக் குடைகிற இடங்களுக்கும் இதுவே என் கேள்வி. நம் ஊர் மலை இளமையில் நான் ஏறிய மலை போல இல்லை என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன், அது தனிப் பதிவு.

பேத்தி ஊருக்குக் கிளம்பும்போது, "பொங்கலுக்கு வரும்போது கொஞ்சம் உப்பு வேணும் தாத்தா, கடை உப்பு இல்ல" என்றாள். கீற்று மூடிய பழைய அம்பாரத்திலிருந்து அந்த அம்மாளே எடுத்துக்கொடுத்தார், அவர் சொன்ன மூன்று வேளையிலும். நடுப்பகல் உப்பைத் திண்ணையில் தட்டில் கொட்டி அளந்தேன், 35 பாகைக்குப் பக்கத்தில் நின்றது. விடியற்காலை உப்பைக் கொட்டினால் கொட்டவே இல்லை. டப்பாவின் வடிவத்திலேயே புட்டு மாதிரி நின்றது. மூன்று டப்பாவையும் மெழுகு வைத்து அடைத்து, மேலே தேதியும் மணியும் எழுதி, சமையலறைப் பரணில் வைத்திருக்கிறேன். குழம்புக்கு எடுத்துவிடாதே என்று வீட்டில் இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது.